வராத பூச்சிக்கு வரலாறு இல்லை

நம் கொங்குப் பக்கத்துப் பெரியவர்களிடம் பருத்தியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், காய்ப்புழு, தத்துப்பூச்சி, தண்டுக் கூன்வண்டு என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்த வருஷம் எது வந்து எவ்வளவு போயிற்று என்பதும் நினைவில் இருக்கும். ‘காய்க் கூன்வண்டு தெரியுமா?’ என்று கேட்டால் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்கள். தெரியாததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பருத்தி விவசாயத்தையே ஆட்டிப் படைத்த அந்த வண்டு, நம் நாட்டில் இன்றுவரை குடியேறவில்லை.

வந்த பூச்சியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவார்கள், சட்டசபையில் பேசுவார்கள், நிவாரணம் கேட்டு மனுக் கொடுப்பார்கள். வராத பூச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அது வராமல் இருப்பதற்கும் சிலர் வேலை பார்த்திருக்கிறார்கள். வேளாண்மைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு காலம் தள்ளியவன் என்ற முறையில், தெரிந்தவரை அதைக் குறித்து வைக்கலாம் என்று தோன்றியது.

காப்பி போய்த் தேயிலை வந்த கதை

முதலில் இலங்கைக்குப் போக வேண்டும். இன்று சிலோன் டீ என்கிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைநாடு முழுக்கக் காப்பித் தோட்டங்கள்தான். நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டிக்கொண்டு போனது முதலில் காப்பிக்காகத்தான். 1869ல் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்தாற்போல ஒரு பூஞ்சணம் தென்பட்டது. இலை கொட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் ஏறக்குறைய ஓய்ந்தே போனது. துரைமார்கள் காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். நடுவில் தோட்டங்கள் மூடிக் கிடந்தபோது சிரமப்பட்டது நம் கூலி ஜனங்கள். துரு நோய் நம் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கும் சீக்கிரமே வந்து சேர்ந்தது.

ஒரு நோயோ பூச்சியோ புது நாட்டில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதை அன்றைய சர்க்கார் இப்படிப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

துறைமுகத்தில் ஒரு கதவு

இனி நம் காய்க் கூன்வண்டு. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 1892 வாக்கில் எல்லை ஆற்றைத் தாண்டி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குள் வந்தது. நீண்ட மூக்கால் பருத்தி மொட்டைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்று வளரும், மொட்டு உதிர்ந்துவிடும். அடுத்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்கப் பருத்தி நிலம் அனேகமாக முழுவதும் அதன் கைக்குப் போனது. அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்ற ஊரில் இந்த வண்டுக்கு 1919ல் சிலையே வைத்துவிட்டார்கள். அதன் தொல்லை தாளாமல் பருத்தியை விட்டு நிலக்கடலைக்கு மாறி, அதில் ஊர் பிழைத்துக்கொண்டதாம். அந்த நன்றிக்காக வைத்த சிலை.

இந்தச் சமயத்தில்தான் நம் நாட்டு மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு கப்பலில் வந்துகொண்டிருந்தது. நீண்ட இழைப் பஞ்சு நம்மிடம் போதாது. அரைத்த பஞ்சுதானே, அதில் என்ன வரப்போகிறது என்று தோன்றும். ஆனால் பொதிக்குள் அங்கங்கே விதை தங்கும். விதையோடு வண்டும் தங்கும். 1906லேயே இந்திய அரசு, வெளியிலிருந்து வரும் பஞ்சுக்குத் துறைமுகத்திலேயே விஷப்புகை ஊட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. பின்னாளில் அமெரிக்கப் பஞ்சு பம்பாய்த் துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம் என்றும் வைத்தார்கள். வியாபாரிகளுக்கு அது செலவு, தாமதம். முணுமுணுப்பு இல்லாமலா இருந்திருக்கும்! ஆனாலும் வண்டு வரவில்லை.

1914 பிப்ரவரியில் ‘அழிவு விளைவிக்கும் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம்’ வந்தது. மிகச் சிறிய சட்டம். எந்தச் செடி, விதை, கிழங்கு, பழம் எந்த வழியாக, என்ன சான்றிதழோடு வரலாம் என்று அரசு விதி போடலாம் என்பதே சாரம். செடிகொடிகளை இறக்கக் குறிப்பிட்ட துறைமுகங்களைத்தான் அனுமதித்தார்கள். நம் பக்கத்தில் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, தனுஷ்கோடி ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. 1964 புயலில் கடல் கொண்டுபோன தனுஷ்கோடியை ரயிலுக்கும் கப்பலுக்கும்தான் நாம் நினைவு வைத்திருக்கிறோம். அது பயிர்களுக்கும் ஒரு வாசலாக இருந்த ஊர்.

இன்று நடப்பில் இருக்கும் 2003ஆம் ஆண்டின் பயிர்த் தடுப்புக்காப்பு ஆணைகூட அந்த 1914 சட்டத்தின் கீழ் போடப்பட்டதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பூச்சிக்கு மத்தியச் சட்டம் என்றால், உள்ளூர்ப் பூச்சி ஜில்லா விட்டு ஜில்லா பரவாமல் இருக்க நம் சென்னை மாகாணம் 1919லேயே தனிச் சட்டம் போட்டது. இதில் நாட்டுக்கே நாம்தான் முன்னோடி. பருத்தி எடுத்து முடிந்ததும் குறித்த தேதிக்குள் மாரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தண்டோரா போட்டதாக எங்கள் பாட்டனார் சொல்வார். பிடுங்காவிட்டால் அபராதம். ‘என் காட்டுச் செடியைப் பிடுங்கச் சொல்ல இவன் யார்’ என்று கோபப்பட்டவர்களும் உண்டாம். ஒரு காட்டில் மார் நின்றால் சுற்றியுள்ள பத்துக் காட்டுக்கும் அங்கிருந்துதான் பூச்சி போகும் என்பது அவர்களுக்குப் பிறகுதான் புரிந்ததாம்.

ஊட்டிக் கிழங்கு

துறைமுகக் கதவு எப்போதும் பிடித்து நிற்கவில்லை. 1961ல் ஊட்டியில் உருளைக்கிழங்குச் செடிகள் ஏன் திட்டுத்திட்டாக வாடுகின்றன என்று வேரைப் பார்த்த ஜோன்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, அதில் தங்க நூற்புழு இருப்பதைக் கண்டார். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரப் புழு. ஐரோப்பா வழியாக, விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வந்திருக்கும் என்பதுதான் பொதுவான கருத்து.

இந்தப் புழுவின் தந்திரம் அதன் முட்டைக்கூடு. பெண் புழு செத்ததும் அதன் உடம்பே கெட்டியான ஓடாகி, குண்டூசித் தலை அளவுக்கு, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளோடு மண்ணில் கிடக்கும். உருளைக்கிழங்கு வேரின் வாசம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இருபது ஆண்டுகூடத் தாங்கும் என்கிறார்கள். மருந்து போட்டுக் குறைக்கலாமே தவிர, அடியோடு ஒழிக்க முடியாது.

ஆகவே ஒழிப்பதை விட்டுவிட்டு, அடைத்து வைப்பதில் கவனம் வைத்தார்கள். 1971ல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று தமிழக அரசு தடை போட்டது. மலைக்காரர்களுக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. குளிர்ந்த சீமையில் விளைந்த விதைக்கிழங்குக்குச் சமவெளியில் நல்ல விலை உண்டு. அந்த வருமானம் நின்றது. என்னோடு வேலை பார்த்த படகர் நண்பர் ஒருவர், ‘நோய் எங்க மண்ணுக்கு வந்தது எங்க தப்பில்லை, தண்டனை மட்டும் எங்களுக்கு’ என்று வருத்தத்தோடு சொல்வார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊரைக் காக்க ஒரு மூலையில் இருப்பவர்களிடம் கதவைச் சாத்தச் சொல்லும்போது, அந்த மூலைக்கு வேறு வழி காட்டுவதும் ஊரின் கடமை.

வழியும் ஓரளவு காட்டினார்கள். முட்டைக்கோசு, கேரட், பூண்டு என்று பயிர் மாற்றி வைக்கச் சொன்னார்கள். ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில், இந்தப் புழுவைத் தாங்கும் ‘குப்ரி ஸ்வர்ணா’ ரகம் 1985ல் வந்தது.

வடநாட்டுச் சமவெளியின் பெரிய உருளைக்கிழங்குப் பரப்புக்கு அந்தப் புழு இங்கிருந்து போய்ச் சேராமல் பல பத்தாண்டுகள் கழிந்தன. 2018ல் இமாச்சலப் பிரதேசம், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர் மலை வயல்களில் தங்க நூற்புழு தெரியவந்து, அங்கிருந்தும் விதைக்கிழங்குக்குத் தடை போட வேண்டி வந்தது. நீலகிரி மக்கள் ஐம்பது ஆண்டாகச் சுமந்த பாரம் எவ்வளவு என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்திருக்கும்.

மல்பெரித் தோட்டங்கள் வெளுத்தபோது

நம் கண் முன்னால் வந்து சேர்ந்தவையும் நிறைய. 1988ல் சவுண்டல் மரத் தளிரையெல்லாம் உறிஞ்சிய பேன் போன்ற பூச்சி நினைவிருக்கிறதா? 1998 வாக்கில் தேங்காய் மட்டையைச் சொறிபிடிக்க வைத்த ஈரியோபைட் சிலந்தி? 2005, 2006ல் வேலியில் நின்ற கல்யாண முருங்கை இலையெல்லாம் முடிச்சு முடிச்சாகி மரம் பட்டுப்போனதே, அது ஒரு கண்ணுக்குத் தெரியாத குளவியின் வேலை. எங்கள் தெருவில் மட்டும் ஆறேழு மரம் போயிற்று. சளிக்குக் கல்யாண முருங்கை அடை தட்டிக் கொடுத்த கைகளுக்கு இலை கிடைக்கவில்லை.

ஆனால் நான் மிக அருகில் இருந்து பார்த்தது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 1990களில் கரீபியன் தீவுகள், 1998ல் புளோரிடா, பிறகு பசிபிக் தீவுகள், இந்தோனேசியா என்று வழி நெடுகக் கால் வைத்து, 2008ல் கோயம்புத்தூரில் தென்பட்டது. எந்தப் பெட்டியில், எந்தச் செடியில் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. இலங்கையிலும் அதே 2008ல்தான் தெரிந்தது.

பெயர்தான் பப்பாளி. கண்ட செடியிலெல்லாம் ஏறியது. செம்பருத்தி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, தேக்கு, பார்த்தீனியக் களைகூட மிச்சமில்லை. பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக மொய்க்கும். அதன் கழிவுத் தேனில் கரும்பூஞ்சணம் படரும். எறும்பு காவல் நிற்கும். உடம்பில் மெழுகு பூசியிருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. குஞ்சுப் பூச்சி காற்றில் போகும், நம் வேட்டியில் ஒட்டிக்கொண்டும் போகும்.

எல்லாவற்றிலும் பரிதாபம் மல்பெரி வைத்திருந்தவர்கள் நிலை. உடுமலை, திருப்பூர், ஈரோடு பக்கம் தண்ணீர் குறைந்த குடும்பங்கள் பலவும் அப்போது பட்டுப்புழு வளர்ப்பை நம்பியிருந்தன. புழு மனைக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். மருந்து அடித்தால் பதினைந்து நாளாவது தழை பறிக்கக்கூடாது. மீறிப் போட்டால் புழு சாகும். அடிக்காவிட்டால் தழையே இருக்காது. உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்து அம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: ‘ஏனுங் சார், மருந்தடிச்சாப் புழு போகுது, அடிக்காட்டித் தழை போகுது. எதைக் காப்பாத்தட்டும், நீங்களே சொல்லுங்க.’

நாங்கள் சொல்லக்கூடியதைச் சொன்னோம். பாதித்த கிளையை வெட்டி எரியுங்கள், பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள், எறும்புப் புற்றைக் கலையுங்கள், தழையைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோகாதீர்கள். கேட்டார்கள், செய்தார்கள். ஆனாலும் 2009, 2010ல் எத்தனையோ பேர் மல்பெரியை வேரோடு பிடுங்கினார்கள். குச்சி ஊன்றி வருஷக்கணக்கில் வளர்த்த செடி. டிராக்டர் வைத்துப் பிடுங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எதிரியைக் கூட்டிவந்த கதை

ஒரு பூச்சி தன் சொந்த ஊரில் ஏன் இவ்வளவு ஆட்டம் போடுவதில்லை? அங்கே அதைத் தின்னும் எதிரிகள் இருக்கின்றன. இடம் மாறும்போது பூச்சி மட்டும் வருகிறது. எதிரி அங்கேயே நின்றுவிடுகிறது. பங்காளி, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியூரில் தனியாகக் கடை போட்டவன்போல அதற்கு நல்ல காலம். ஆகவே எதிரியைத் தேடிக் கொண்டுவர வேண்டும்.

இது நம் நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிவப்புச் சாயம் தரும் காக்கினியல் பூச்சியை வளர்க்க ஆசைப்பட்ட கம்பெனிக்காரர்கள், அது தின்னக் கள்ளிகளை வளர்த்தார்கள். டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் முயற்சியில் சைதாப்பேட்டைப் பக்கம் அதற்கென்று கள்ளித் தோட்டமே இருந்தது. 1795ல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தது வேறு வகைப் பூச்சி, சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் பல இடங்களில் காடாகப் பரவியிருந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று தீர்த்தது. மிஞ்சிய இன்னொரு வகைக் கள்ளிக்கு, 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். மேய்ச்சல் நிலமெல்லாம் கள்ளி மூடிக் கிடந்து, சில வருஷத்தில் வெளுத்துச் சரிந்ததைப் பற்றி நம் அப்பன் பாட்டன் காலத்தவர்கள் கதையாகச் சொல்வார்கள். அது இந்தப் பூச்சிகளின் வேலை.

பப்பாளி மாவுப்பூச்சிக்கும் அதே வழிதான். 2010 ஜூலையில், அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோ ரிக்கோவில் வளர்த்து வைத்திருந்த மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகத்துக்கு வந்தன. வந்தவுடன் திறந்துவிடவில்லை. எதிரியாக வருவதே நாளை தொல்லையாகிவிடக்கூடாது அல்லவா? தனிமை அறையில் வைத்து, பட்டுப்புழுவைத் தொடுமா, தேனீயைத் தொடுமா, நன்மை செய்யும் மற்றப் பூச்சிகளைத் தொடுமா என்று சோதித்த பிறகே அனுமதி. அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் முதலில் விட்டார்கள். பிறகு பல்கலைக்கழகம், பட்டு வாரியம், பட்டு வளர்ச்சித் துறை, எங்கள் துறை எல்லாம் சேர்ந்து ஊர் ஊராகக் கொண்டுபோனோம்.

மூன்றில் அசெரோபேகஸ் என்ற குளவிதான் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு சின்னக் குப்பியில் கொண்டுபோய்த் திறந்துவிடும்போது, ‘இதுங்களா அதைத் தின்னப்போகுது!’ என்று சிரித்தவர்கள் உண்டு. இளம் மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அதன் குஞ்சு உள்ளிருந்தே தின்று, பூச்சி வெறும் கூடாகக் காய்ந்ததும் ஓட்டை போட்டு வெளியே வரும். நாங்கள் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டது ஒன்றே ஒன்று: மருந்து அடிக்காதீர்கள், குளவி செத்துவிடும். கடனில் இருப்பவனிடம் ‘ஒன்றும் செய்யாமல் இரு’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அப்படி இருந்தவர்களின் பொறுமைதான் காப்பாற்றியது.

2011 பாதிக்குள் மல்பெரி பச்சை கட்டியது. பிடுங்கியவர்கள் பலர் மறுபடி நட்டார்கள். இந்தக் குளவியால் ஐந்து ஆண்டில் நாட்டுக்குக் குறைந்தது 50 கோடி டாலர் மிச்சம் என்று பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று கணக்குப் போட்டது. ஆனால் குளவி வருவதற்குள் கடந்த இரண்டு ஆண்டுகளில் தோட்டத்தை விட்டு மில் வேலைக்குப் போனவர்களை அந்தக் கணக்கில் காண முடியாது.

மரவள்ளியின் முறை

அந்த அனுபவம் பிறகு உதவியது. 2020ல் கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. 1970களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான ஜனங்களின் உணவைக் கெடுத்த அதே பூச்சி. சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைகளும் மரவள்ளிக் காடுகளும் ஒன்றை ஒன்று நம்பி இருக்கின்றன, அங்கேயும் வந்துவிட்டது. இந்தமுறை எதிரி யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்காக 1981ல் பராகுவேயில் கண்டுபிடித்த குளவி தயாராக இருந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசும் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்து, சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். நான் ஓய்வில் இருந்து பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

இருந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. எல்லாப் பூச்சிக்கும் இப்படி ஒரு குளவி அமைவதில்லை. தங்க நூற்புழுவுக்கு அமையவில்லை. குளவி அமைந்தால்கூட அது வந்து சேரும்வரை விவசாயி தாங்க வேண்டும். வாசலிலேயே நிறுத்துவதுதான் எப்போதும் மலிவு.

நம் பெட்டிக்குள்

இந்த வயதில் நம்மில் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். போய் வருகிறோம். அங்கே ஒரு செம்பருத்தி அழகாக இருந்தால் குச்சி ஒடித்து ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆண்களும்தான். செடி, குச்சி, கிழங்கு, விதை எதுவானாலும் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். மண் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். வெளி ஜில்லாவிலிருந்து மரவள்ளிக் குச்சி, தென்னங்கன்று வாங்கும்போதும் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். தோட்டத்தில் இதுவரை பார்த்திராத பூச்சி தென்பட்டால், கடைக்காரரிடம் மருந்து கேட்பதற்கு முன் வேளாண் அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஒரு படம் அனுப்புங்கள். முதல் வாரத்தில் தெரிந்தால் ஒரு தோட்டத்தோடு முடியும்.

கன்னியாகுமரி ஜில்லாவில் ரப்பர் வைத்திருக்கும் நண்பர்கள் சிலருக்கு அமேசான் பக்கத்து இலைக்கருகல் நோய் பற்றித் தெரியாது. பிரேசிலில் ஹென்றி போர்டு பெரும் பணம் கொட்டி ஆரம்பித்த ரப்பர் தோட்டம் கெட்டதற்கு முக்கியக் காரணம் அதுதான். அது ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை. குலசேகரத்துப் பால்வெட்டுக்காரர்களுக்கு அதன் பெயர் என்றைக்கும் தெரியாமலே இருக்கட்டும்.